குழந்தைகளோட இலங்கை போறீங்களா? ஜூ, சஃபாரி பிளான் பண்றது எப்படின்னு முதல் தடவை போறவங்களுக்கு

இலங்கைக்கு ஃபேமிலியா போறவங்க பெரும்பாலும் பீச், கண்டி, எல்ல ரயில்னு எல்லாத்தையும் பக்காவா பிளான் பண்ணிட்டு கடைசியில "குழந்தைங்களுக்காக ஒரு சஃபாரி"ன்னு ஒரு வரி மட்டும் சேத்துக்குறாங்க. அந்த ஒரு வரியில எந்த பார்க், எந்த மாசம், எந்த நேரம், எந்த ஜீப்னு ஒண்ணுமே முடிவாகி இருக்காது, அங்க போய் ஹோட்டல்காரர் சொல்ற இடத்துக்கு விடிகாலைல தூக்கக் கலக்கத்துல இருக்க குழந்தையை தூக்கிட்டு போய் அஞ்சாறு மணி நேரம் குலுங்கிட்டு, தூரத்துல ஒரு வாலை மட்டும் பாத்துட்டு திரும்பி வர்றவங்க நிறைய பேர். கொஞ்சம் முன்னாடியே யோசிச்சா இது மொத்த டிரிப்லயே குழந்தைங்க ரொம்ப நாள் பேசுற நாளா ஆயிடும். அதனால ஒண்ணொண்ணா சொல்றேன், பொறுமையா படிங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். சின்ன குழந்தைங்களோட முதல் தடவை போறீங்கன்னா சிறுத்தையைத் தேடி ஓடாதீங்க, யானையைப் பாருங்க. அதாவது சிறுத்தைக்கு பேர் போன யால பார்க் வேண்டாம், யானை நிறைய இருக்க உடவளவை பார்க் போங்க. ஏன்னு கீழ வரும்.

முதல்ல எது எதுன்னு பிரிச்சுக்கோங்க

இலங்கைல விலங்கு பாக்குற இடங்கள் ரெண்டு டிபார்ட்மென்ட் கையில இருக்கு. தெஹிவளை ஜூ, பின்னவளை யானை சரணாலயம், அதுக்குப் பக்கத்துலயே 2015ல திறந்த ஓபன் ஜூ, அம்பாந்தோட்டை பக்கம் 2016ல திறந்த ரிதியகம சஃபாரி பார்க், இதெல்லாம் தேசிய மிருகக்காட்சிசாலை திணைக்களம் நடத்துறது. இங்க எல்லாம் விலங்கு கண்டிப்பா இருக்கும், நீங்க போனா பாக்கலாம். யால, உடவளவை, வில்பத்து, மின்னேரியா, கவுடுல்ல, பூந்தல, குமண, இதெல்லாம் வனஜீவராசிகள் திணைக்களத்தோட நேஷனல் பார்க். இது காடு, வேலி போட்டு அடைச்சு வச்ச விலங்கு கிடையாது, வந்தா வரும் வராட்டி இல்ல. இந்த வித்தியாசத்தை குழந்தைங்களுக்கு கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லைன்னா ஜீப்ல ஏறின பத்தாவது நிமிஷம் "சிங்கம் எங்க"ன்னு ஆரம்பிச்சிடும். இன்னொண்ணும் சொல்லிடுங்க, இலங்கை காட்டுல சிங்கமும் இல்ல, வரிப்புலியும் இல்ல. அந்தக் காட்டுல பெரிய வேட்டை விலங்குன்னா அது சிறுத்தை தான். சிங்கம் பாத்தே ஆகணும்னு அடம் பிடிக்கிற குழந்தை இருந்தா அதுக்கு ரிதியகம இருக்கு, அதைப் பத்தி பின்னாடி சொல்றேன்.

வயசை வச்சு இடத்தை முடிவு பண்ணுங்க

மூணு வயசுக்குள்ள குழந்தை இருந்தா நேஷனல் பார்க் ஜீப்பை இந்தத் தடவை விட்டுடுறது நல்லது. அந்த ஜீப் நாலு பக்கமும் திறந்தது, சீட் உயரமா இருக்கும், சீட் பெல்ட்டை எதிர்பாக்க முடியாது, ரோடு முழுக்க குழி, மடியில வச்சுகிட்டு மூணு மணி நேரம் பிடிச்சுட்டே இருக்கணும். உங்க கையும் போயிடும், குழந்தையும் அழுதுடும். இந்த வயசுக்கு தெஹிவளை ஜூவும் பின்னவளையும் போதும். நாலுல இருந்து ஏழு வயசு வரைக்கும் உடவளவை ரொம்ப சரியா இருக்கும். எட்டு வயசுக்கு மேல, ஒரு விஷயத்துக்காக அமைதியா காத்திருக்க தெரிஞ்ச பிள்ளைங்கன்னா யால, வில்பத்து எல்லாம் யோசிக்கலாம். கர்ப்பமா இருக்கவங்க ஜீப் சஃபாரியே போகாதீங்க, குலுக்கல் அப்படி. முதுகு வலி இருக்க தாத்தா பாட்டி கூட வந்தா டிரைவர் பக்கத்து முன் சீட்டை அவங்களுக்கு கேட்டு வாங்கிக் கொடுங்க, பின் சீட்டை விட அங்க ஆட்டம் கொஞ்சம் கம்மி.

அப்புறம் மாசம்

நாடு சின்னது தான், ஆனா மழை ரெண்டு பக்கமும் வேற வேற நேரத்துல வரும். தென்மேற்குப் பக்கம், அதாவது கொழும்பு, காலி பக்கமெல்லாம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை, அதே நேரம் வடக்கு, கிழக்கு, நடுவுல இருக்க வறண்ட பகுதி எல்லாம் காஞ்சு கிடக்கும். காட்டுல தண்ணி குறையும்போது விலங்கு எல்லாம் குளத்தோரம் வந்து சேரும், அப்போ தான் பாக்குறதுக்கு ஈஸி. டிசம்பர், ஜனவரில வடகிழக்கு மழை நேரம், எல்லா இடத்துலயும் தண்ணி நிறைய இருக்கும், புதர் அடர்ந்து இருக்கும், விலங்கு பத்தடி தள்ளி நின்னாலும் தெரியாது.

இதை வச்சு பாத்தா ஆகஸ்ட், செப்டம்பர்ல போறவங்களுக்கு மின்னேரியா தான் முதல் சாய்ஸ். மகாசேனன் ராஜா மூணாம் நூற்றாண்டுல கட்டின பெரிய குளம் அது, வெயில் காலத்துல தண்ணி இறங்க இறங்க கரையில புதுப்புல் முளைக்கும், அந்தப் புல்லுக்காக சுத்துப்பட்டு காட்டுல இருக்க யானைக் கூட்டம் எல்லாம் சாயங்காலம் வந்து இறங்கும், நல்ல வருஷத்துல இருநூறு முந்நூறு யானை வரைக்கும் ஒரே இடத்துல பாக்கலாம். ஆனா எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்காது, குளத்துக்குள்ள தண்ணி அதிகமா திறந்து விட்டிருந்தா புல் தரை முழுகிடும், யானை பக்கத்துல இருக்க கவுடுல்ல பக்கமோ ஹுருலு காட்டுப் பக்கமோ போயிடும். அதனால மின்னேரியாவுக்குத் தான் போவேன்னு முன்னாடியே அடம் பிடிக்காதீங்க. பக்கத்து ஊரான ஹபரணைல ஜீப் எடுக்கும்போது "இந்த வாரம் யானை எந்தப் பக்கம் நிக்குது"ன்னு கேளுங்க, தினமும் போற டிரைவர்களுக்கு அது தெரியும். சிகிரியா, பொலன்னறுவை பாக்க வர்றவங்களுக்கு இந்த மூணுமே பக்கம்.

யால பிளான்ல இருந்தா செப்டம்பரும் அக்டோபர் முதல் பாதியும் கவனமா பாத்துக்கோங்க, வறட்சி நேரம்னு வழக்கமா அந்த சமயத்துல எல்லாரும் சஃபாரி போற மெயின் பகுதியான பிளாக் ஒண்ணை மூடிடுவாங்க. டிக்கெட் போட்ட பிறகு தெரிஞ்சு என்ன பிரயோஜனம். உடவளவைக்கு இந்தத் தொல்லை இல்ல, வருஷம் முழுக்க யானை இருக்கும்.

கூட்டம் பத்தியும் ஒரு வார்த்தை. ஏப்ரல் நடுவுல சிங்கள தமிழ் புத்தாண்டு லீவு, அப்போ உள்ளூர் மக்கள் எல்லாரும் டூர்ல தான் இருப்பாங்க. ஒவ்வொரு பௌர்ணமியும் அங்க போயா தினம்னு அரசு விடுமுறை, அன்னிக்கு தெஹிவளை, பின்னவளை, ரிதியகம மூணுலயும் நிக்க இடம் இருக்காது. ஆடி மாச கதிர்காமம் திருவிழா சமயத்துல யால பக்கம் ரூம் கிடைக்கிறது கஷ்டம். மத்த நாள்ல கதிர்காமத்தையும் சேத்து பிளான் பண்றது நல்ல யோசனை தான், யால போறவங்க தங்குற ஊரான திஸ்ஸமகாராமைல இருந்து ரொம்ப பக்கம், காலைல காடு சாயங்காலம் முருகன்னு போயிட்டு வரலாம்.

டிக்கெட், ஜீப், பணம்

வெளிநாட்டுக்காரங்களுக்கு டிக்கெட் ரேட் உள்ளூர்காரங்களை விட நிறைய மடங்கு அதிகம், இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. ஆனா இந்தியா உட்பட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டு பாஸ்போர்ட் வச்சிருந்தா தனி குறைஞ்ச ரேட் இருக்கு, நீங்களா கேட்டா தான் போடுவாங்க, பாஸ்போர்ட்டையும் காட்டணும். அதனால சஃபாரி அன்னிக்கு எல்லார் பாஸ்போர்ட்டையும் ஹோட்டல் லாக்கர்ல வச்சுட்டு வந்துடாதீங்க, குழந்தைங்களோடதையும் சேத்து எடுத்துட்டு போங்க, வயசுக்கு ஏத்த சலுகைக்கும் அது தான் ப்ரூஃப். 

நேஷனல் பார்க்ல போர்டுல போட்டிருக்க ஆள் ரேட்டோட முடியாது. அதுக்கு மேல வண்டிக்கு ஒரு சார்ஜ், குரூப்புக்கு சர்வீஸ் சார்ஜ், அதுக்கு வரின்னு சேரும், ஜீப் வாடகை இதுல சேராது, அது தனி. ஜீப் பேசும்போதே "இது ஜீப்புக்கு மட்டுமா, டிக்கெட் எல்லாம் சேத்தா, எத்தனை மணி நேரம், ஹோட்டல்ல இருந்து கூட்டிட்டு போய் விடுறதும் சேத்தா"ன்னு நாலு கேள்வியும் கேட்டு மெசேஜ்ல எழுதி வாங்கிக்கோங்க. சண்டை வர்ற இடம் எப்பவும் இந்த நாலுல ஒண்ணு தான். கேட்ல கார்டு எடுத்துக்குவாங்கன்னு நம்பி போகாம இலங்கை ரூபாயா கையில வச்சுக்கோங்க, விலங்கைத் தேடிக் காட்ட கூட வர்ற டிராக்கருக்கு டிப்ஸ் கொடுக்க சில்லறையும் வேணும்.

ஷேரிங் ஜீப் விலை குறைவா இருக்கும், ஆனா குழந்தை இருந்தா தனி ஜீப் எடுங்க. இந்த செலவுல மட்டும் கை வைக்காதீங்க. குழந்தைக்கு வாந்தி வருது, பசிக்குது, போதும்னு அழுதுன்னா உடனே திரும்ப முடியும், ஷேரிங்ல பக்கத்துல பெரிய லென்ஸ் வச்சுகிட்டு சிறுத்தைக்காக காத்துகிட்டு இருக்கவர்கிட்ட போய் திரும்பலாமான்னு கேக்க முடியாது. முழு நாள் சஃபாரி வேண்டவே வேண்டாம், அரை நாளே குழந்தைங்களுக்கு தாராளம்.

காலைலயா சாயங்காலமா? கேட் காலைல ஆறு மணிக்கு திறக்கும், அதுக்கு அஞ்சு மணிக்கு முன்னாடி எழுந்திருக்கணும். விலங்கு நடமாட்டம் நல்லா இருக்கும், வெயில் ஏறுறதுக்குள்ள வெளிய வந்துடலாம். சாயங்காலம்னா ரெண்டரை, மூணு மணிக்கு உள்ள போய் ஆறு மணிக்கு வெளிய. உங்க குழந்தை காலைல தானா சீக்கிரம் எழுந்திருக்கிற ரகம்னா காலை, இல்லைன்னா தயங்காம சாயங்காலம் எடுங்க. தூக்கம் கெட்ட குழந்தைக்கு யானை முன்னாடி வந்து நின்னாலும் சந்தோஷம் வராது. மதியம் நல்லா தூங்க வச்சு கூட்டிட்டு போனா சாயங்கால சஃபாரி அருமையா இருக்கும்.

உடவளவை, கொஞ்சம் விரிவா

வளவை கங்கைக்கு குறுக்க அணை கட்டி பெரிய நீர்த்தேக்கம் வந்தப்போ இடம் பெயர்ந்த விலங்குகளுக்காகவும் அந்த நீர்ப்பிடிப்பைக் காப்பாத்தவும் 1972ல இதை நேஷனல் பார்க் ஆக்கினாங்க, கிட்டத்தட்ட 30,800 ஹெக்டேர். பெரும்பாலும் புல்வெளியும் சின்னப் புதரும் தான், அடர்ந்த மரம் கம்மி, அதனால தான் இதை குழந்தைங்களுக்கு சொல்றேன். கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் திறந்து கிடக்கும், யானை நின்னா தெரியும், மறைஞ்சுக்க இடம் இல்ல. குட்டிங்களோட இருக்க பெண் யானைக் கூட்டம், தனியா சுத்துற ஆண் யானை, தண்ணிக்குள்ள மூழ்கி செத்துப் போன மரங்கள் மேல உக்காந்திருக்க மீன்கொத்தி, நீர்க்காகம், கரையில வாயைத் திறந்து வெயில் காயுற முதலை, எருமைக் கூட்டம், மயில், பஞ்சுருட்டான் பறவை, உடும்பு, நரி, இதெல்லாம் பெரும்பாலும் ஒரே ரவுண்டுல பாத்துடலாம். சிறுத்தையும் அந்தக் காட்டுல இருக்கு, ஆனா கண்ணுல படுறது அபூர்வம், அதை எதிர்பாக்காதீங்க. யானைக்கு ஏன் தந்தம் இல்லன்னு பிள்ளைங்க கண்டிப்பா கேக்கும், இலங்கைல ஆண் யானைகள்லயே ரொம்ப கொஞ்சத்துக்கு தான் தந்தம் இருக்கும்னு சொல்லி வைங்க.

பார்க்குக்கு பக்கத்துலயே யானைக்குட்டி இல்லம் ஒண்ணு இருக்கு, 1995ல ஆரம்பிச்சது. கிணத்துல விழுந்தது, தாயை இழந்தது, காயம் பட்டதுன்னு காட்டுல கிடைக்கிற குட்டிங்களைக் கொண்டு வந்து வளத்து, ஓரளவு பெருசானதும் திரும்ப காட்டுலயே விட்டுடுவாங்க. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுப்பாங்க, புனல்ல ஊத்தி குழாய் வழியா போகும், குட்டிங்க வரிசையா கத்திகிட்டு ஓடி வர்றதை ஒரு மேடையில இருந்து நீங்க பாக்கலாம். தொட முடியாது, கிட்ட போக முடியாது, போட்டோவுக்கு கட்டிப் பிடிக்க முடியாது. அதனால தான் எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடிக்கும், மனுஷன் பழக்கம் ஒட்டிக்கிட்டா அந்தக் குட்டியை நம்பி காட்டுல விட முடியாதுல்ல. பால் கொடுக்கிற நேரம் என்னன்னு முதல் நாளே ஹோட்டல்ல கேட்டு வச்சுக்கோங்க, அரை மணி முன்னாடி போனா முன் வரிசை கிடைக்கும், பால் குடிச்சு முடிக்க கொஞ்ச நேரம் தான் ஆகும், லேட்டா போனா வெறும் புல்தரையை தான் பாக்கணும். காலைல சஃபாரி முடிச்சு, டிபன் சாப்பிட்டு, அடுத்த பால் நேரத்துக்கு இங்க வந்துட்டா குழந்தைங்களுக்கு காட்டு யானையும் ஆச்சு குட்டி யானையும் ஆச்சு, மதியம் ரூம்ல தூங்கலாம்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. பார்க் ஓரமா போற ரோட்டுல மின்வேலிக்கு உள்பக்கம் யானைங்க நின்னு வர்ற வண்டிகிட்ட பழம் எதிர்பாக்கும், பக்கத்துலயே பழக்கடையும் இருக்கும், வண்டியை நிறுத்தி கொடுக்கலாம்னு குழந்தைங்க கெஞ்சும். கொடுக்காதீங்க, சட்டப்படியும் தப்பு. இப்படி பழகின யானை நாளைக்கு வேலியை உடைச்சுகிட்டு ரோட்டுக்கு வரும், ஊருக்குள்ள வரும், அதுல மனுஷனும் சாகுறான் யானையும் சாகுது. குழந்தைக்கு இதை அப்படியே சொல்லலாம், அதுங்களுக்கு புரியும்.

யால போறதுன்னா

1938ல வில்பத்துவோட சேத்து அறிவிச்ச பழைய நேஷனல் பார்க், ரொம்ப அழகான காடு, கடலோரம் வரைக்கும் போகும், பாறையும் குளமும் மணலும் கலந்து இருக்கும். பிளாக் ஒண்ணுல சிறுத்தை நெருக்கமா வாழுறதால உலகம் பூரா இருந்து ஆள் வர்றாங்க, அது தான் பிரச்சனையும். எங்கயாவது ஒரு சிறுத்தை மரத்துல படுத்திருக்குன்னு தெரிஞ்சா எல்லா ஜீப்பும் அந்தப் பக்கம் பறக்கும், ரோடு அடைச்சு புழுதி கிளம்பி, பின்னாடி மாட்டினவங்களுக்கு முன் ஜீப்போட டயர் தான் தெரியும். வண்டியில ஏறும்போதே டிரைவர்கிட்ட தெளிவா சொல்லிடுங்க, "எங்களுக்கு சிறுத்தை கிடைக்காட்டி பரவாயில்ல, வேகமா ஓட்ட வேண்டாம், கூட்டத்துக்குள்ள போக வேண்டாம்"னு. அவங்க ஓட்டுறதே கஸ்டமர் ஏமாந்துடுவாரோங்கிற பயத்துல தான், நீங்க சொல்லிட்டா அவங்களுக்கும் நிம்மதி. ஜூன், ஜூலை வாக்குல போனா பாலை மரத்துல பழம் பழுத்திருக்கும், அதுக்காக கரடி மரம் ஏறும், டிராக்கர்கிட்ட பாலை மரம் இருக்க பக்கமா கூட்டிட்டு போக சொல்லுங்க. நடுவுல பட்டனங்கல கடற்கரைல வண்டியை விட்டு இறங்கி கொஞ்சம் கால் நீட்டலாம், 2004 சுனாமில இறந்தவங்களுக்கு அங்க ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. அந்தக் கடல்ல மட்டும் கால் வைக்க விடாதீங்க.

கூட்டமே வேண்டாம், பெரிய பிள்ளைங்க தான் கூட வர்றாங்கன்னா வில்பத்து. நாட்டுலயே பெரிய நேஷனல் பார்க், இயற்கையான குளங்கள் நிறைய, ஜீப் கம்மி, விலங்கைத் தேட நேரம் அதிகமா ஆகும். பறவைல ஆர்வம் இருக்க பிள்ளைன்னா அம்பாந்தோட்டை பக்கம் பூந்தல.

ரிதியகம, தெஹிவளை, பின்னவளை

ரிதியகம சஃபாரி பார்க் சுமார் 500 ஏக்கர், ஜீப் கிடையாது, அவங்க பஸ்லயே ஏத்திட்டு ஒவ்வொரு பகுதியா கேட் திறந்து உள்ள கூட்டிட்டு போவாங்க, சிங்கம் பகுதி, யானை பகுதி, புல் தின்னுற விலங்கு பகுதின்னு. காலைல திறந்த உடனே போங்க, பதினோரு மணிக்கு மேல அம்பாந்தோட்டை வெயில்ல சிங்கம் எல்லாம் நிழல்ல படுத்துடும். ஜன்னல்ல கம்பி வலை இருந்தா போன் கேமராவை வலைக்கு ஒட்டி வச்சு எடுத்தா வலை தெரியாது. ஜீப் ஆட்டம் ஒத்துக்காத சின்ன குழந்தைக்கும் வயசானவங்களுக்கும் இது நல்ல மாற்று.

தெஹிவளை ஜூ கொழும்பு நகரத்தோட ஒட்டி இருக்கு, 1936ல அரசாங்கம் எடுத்துக்கிட்டது, அவ்வளவு பழைய இடம். பெரிய மரமும் நிழலும் இருக்கறதால நடக்க சுகமா இருக்கும், ஆனா சில கூண்டு பழைய காலத்துக் கூண்டு தான், சின்னதா இருக்கும், அதைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கும்னு உண்மையா சொல்லிடுறேன். ஃப்ளைட் ஏறுறதுக்கு முந்தின நாளோ, வந்து இறங்கின மறுநாளோ கொழும்புல இருந்தா காலைல ரெண்டு மூணு மணி நேரம் போயிட்டு வரலாம், இதுக்காகவே ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். மேடு பள்ளம் இருக்கு, ஸ்ட்ரோலர் தள்ள கை வலிக்கும், சின்னக் குழந்தையை கேரியர்ல கட்டிக்கோங்க.

பின்னவளை கொழும்பு கண்டி ரோட்டுல கேகாலை பக்கத்துல உள்ள திரும்பணும், ரயில்ல வந்தா ரம்புக்கனைல இறங்கலாம். 1975ல அனாதைக் குட்டிகளுக்காக ஆரம்பிச்சு, அப்புறம் அங்கயே குட்டி போட்டு பெருகின கூட்டம், 2021ல இரட்டைக் குட்டி கூட பிறந்துச்சு. காலைல பத்து மணி வாக்குலயும் மதியம் ரெண்டு மணி வாக்குலயும் மொத்தக் கூட்டமும் தெருவைக் கடந்து மகா ஓயா ஆத்துக்கு குளிக்கப் போகும், அந்தக் காட்சி பெருசு தான், மறுக்க மாட்டேன். ஆனா சங்கிலியும் அங்குசமும் கண்ணுல படும், உடவளவை மாதிரி காட்டுக்கு திருப்பி அனுப்புற இடம் இல்ல இது. கண்டி போற வழியில ஆத்தங்கரைல நின்னு குளியலைப் பாத்துட்டு கிளம்பலாம். சுத்து வட்டாரத்துல தனியார் யானை சவாரி, யானையோட குளியல்னு கூப்பிடுவாங்க, போகாதீங்க. மனுஷனை முதுகுல ஏத்துறதுக்கு ஒரு யானையை எப்படி பழக்குவாங்கன்னு தெரிஞ்சா யாருக்கும் ஏற மனசு வராது, அதோட பாகன் கன்ட்ரோல் விட்டுட்டா கீழ நிக்கிற குழந்தைக்கு ஓட இடம் இருக்காது.

முதல் நாள் ராத்திரி பைல என்ன எடுத்து வைக்கணும்

காலை ஜீப்ல காத்து அடிக்கும்போது குளிரும், ஒம்போது மணிக்கு வெயில் சுடும், அதனால முழுக்கை பருத்தி சட்டைக்கு மேல கழட்டி வைக்கிற மாதிரி ஒரு மெல்லிய ஜாக்கெட். தொப்பி கயிறு வச்சதா இருக்கட்டும், பறந்தா இறங்கி எடுக்க முடியாது. புழுதிக்கு துப்பட்டாவோ மாஸ்க்கோ. தண்ணி திரும்ப உபயோகிக்கிற பாட்டில்ல, பாலித்தீன் பை எதுவும் வேண்டாம், பிஸ்கட்டை டப்பால போட்டுக்கோங்க, காட்டுக்குள்ள விழுற கவர் யானை, மான் வயித்துக்குள்ள தான் போகும். ஓஆர்எஸ் ரெண்டு பாக்கெட், ஈர டிஷ்யூ, மாத்து டிரஸ், வாந்திக்கு ஒரு மூடி வச்ச டப்பா. டெங்கு இருக்க நாடு, கொசு கிரீம் கண்டிப்பா. குழந்தைக்குன்னு ஒரு சின்ன பைனாகுலர் வாங்கிக் கொடுங்க, கையில ஒரு வேலை இருந்தா ஒரு மணி நேரம் கூடுதலா தாங்கும். கேட் பக்கத்துலயே டாய்லெட் போக வச்சுடுங்க, உள்ள போயிட்டா இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. டிரோன் எடுத்துட்டே போகாதீங்க.

உள்ள போன பிறகு

சின்னதை நடு சீட்ல உக்கார வைங்க, ஓரத்துல பெரியவங்க. வண்டியை விட்டு இறங்கவோ, சீட் மேல ஏறி நிக்கவோ கூடாது. யானைக் கூட்டம் பக்கத்துல நிக்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ண சொல்லுங்க, சத்தம் நின்னதும் புல்லைப் பிடுங்கி கால்ல தட்டி மண்ணை உதறுற சத்தம் கூட கேக்கும், குழந்தைங்க தானா அமைதியாயிடும். ஆனா காதை விரிச்சு தலையைத் தூக்கி உங்க பக்கம் திரும்பி நின்னுச்சுன்னா, இல்ல கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல கன்னத்துல மதநீர் ஒழுகின ஆண் யானைன்னா, போட்டோவை விட்டுட்டு டிரைவரை பின்னாடி எடுக்க சொல்லுங்க. அந்த நேரத்துல கத்துறதும் எழுந்து நிக்கிறதும் தான் ஆபத்து. குட்டிக்கும் அதோட தாய்க்கும் நடுவுல ஜீப் போகவே கூடாது, டிரைவர் ஆர்வத்துல போக பாத்தா நீங்களே வேண்டாம்னு சொல்லுங்க.

யானையைத் தேடிகிட்டே இருந்தா நேரம் போகாது. மண்ணுல கால்தடம் எது யாரோடது, மரத்துல யானை முதுகு தேச்ச சேறு எங்க இருக்கு, எத்தனை வகை பறவைன்னு பிள்ளைங்களை எண்ண விடுங்க, டிராக்கரும் குஷியாகி இன்னும் நிறைய காட்டுவார்.

அடிபட்டா, கடிச்சா

பார்க்கிங், கேன்டீன் பக்கமெல்லாம் குரங்கு நிறைய, குழந்தை கையில இருக்க பிஸ்கட்டைப் பிடுங்கும்போது தான் நகம் கீறும். குரங்கோ நாயோ கடிச்சாலும் கீறினாலும் சின்ன கீறல் தானேன்னு விடாதீங்க, சோப்பு போட்டு ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி போய் ரேபிஸ் ஊசி பத்தி கேளுங்க, டூர் முடிஞ்சு ஊருக்குப் போய் பாத்துக்கலாம்ங்கிற விஷயம் இல்ல இது. உடவளவை பக்கம்னா எம்பிலிப்பிட்டியவுலயும், யால பக்கம்னா திஸ்ஸமகாராமை கிட்ட தெபரவெவவுலயும் அரசு ஆஸ்பத்திரி இருக்கு. இலவச ஆம்புலன்ஸ் நம்பர் 1990, நாடு முழுக்க ஒரே நம்பர் தான், உள்ளூர் சிம் வாங்கினதும் எல்லார் போன்லயும் சேவ் பண்ணி வச்சுக்கோங்க.